ராயப்பன் எண்ணிய தலைகள்

"ஊர் பெருத்துப் போச்சம்மா. இனிமே தாங்காது. எங்க வெட்டுறது, எங்க ஒட்டுறதுன்னே தெரியல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கேட்டவர் திருமேனி. மாணிக்கபுரம் நகரத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் சின்ன ஊர்களுக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிற ஆபீசில் தலைமை அதிகாரி. ரிட்டயராகப் போகிற வயசு.

தவமணியம்மாவுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். மடமும் இல்லை, காவியும் இல்லை. சுற்றுவட்டார ஊர்களில் எங்கேயாவது இருப்பார். மனசு கலங்கினவர்கள் தேடிக்கொண்டு போவார்கள். திருமேனியும் பல வருஷமாகப் போகிறவர்தான்.

அன்று காலை அம்மா இருந்தது தும்பைக்குளத்தில், ஒரு இட்லிக் கடை பெஞ்சில்.

"உட்காருங்க ஐயா."

"உட்கார முடியலம்மா."

நிஜம்தான். வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரி மனுஷன் கடை வாசலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார்.

"எதை வெட்டப் போறீங்க?"

"பூக்காரத் தெருவை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கு. பஸ் ஸ்டாண்டுல கால் வைக்க இடமில்ல. அந்தத் தெருவை எடுத்தாத்தான் பெருசாக்க முடியும். வீட்டுச் செவுத்துல எல்லாம் சிவப்புப் பெயின்ட்ல குறி போட்டாச்சு. நாளைக்குக் காலைல நான் கையெழுத்துப் போட்டா, மத்தியானம் இடிச்சிருவாங்க."

"போட வேண்டியதுதானே?"

"கை வரமாட்டேங்குதே!"

தவமணியம்மா இலையை மடித்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"இங்க ஒரே சத்தமா இருக்கு. கருவேலங்குடிக்கு வாங்க. அங்க சொல்றேன்."

"அம்மா, ஒரு வார்த்தை..."

அம்மா கை கழுவிக்கொண்டு போயேபோய்விட்டார்.

ஆபீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டு குருவைப் பார்க்கப் போவதில்லை என்று திருமேனி ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். மற்ற நாளெல்லாம் ஜீப். அம்மாவைப் பார்க்கிற நாளில் பஸ்.

"கருவேலங்குடி ஒண்ணு குடுங்க."

கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "ஊருக்குப் புதுசா சார்? டவுன்ல இறங்கி மாறிக்கோங்க."

பஸ்ஸில் எள் போட இடமில்லை. ஒரு கணவனும் மனைவியும் சீர்த்தட்டோடு அவர் முதுகில் இடித்துக்கொண்டே வந்தார்கள். வாழைப்பழச் சீப்பு அவர் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

'இத்தனை ஜனமும் டவுனுக்குள்ள வந்தா எவன் தாங்குவான்?' என்று மனசுக்குள் பொருமினார்.

மாணிக்கபுரம் பஸ் ஸ்டாண்ட். இறங்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம்.

அவருடைய ஆபீஸ் ஆள் ராயப்பன். வாசலில் ஸ்டூல் போட்டு, கையில் எண்ணுகிற கருவியோடு உட்கார்ந்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு அமுக்கு. டவுனுக்கு வருகிற ஜனம் எவ்வளவு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கின் மேல்தான் திட்டமே நின்றது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்களையும் எண்ணிட்டேன்."

"அப்படித்தான் இருக்கணும். ஒரு தலை விடக்கூடாது."

பெருமையாகத்தான் சொன்னார். கருவேலங்குடி பஸ் நிற்கிற இடம் பூக்காரத் தெருமுனை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லை, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

"சார்!"

செண்பகவல்லி. தெருமுனை வீடு. சிவப்புக் குறிக்குக் கீழேயே உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குறி சரியா போட்டிருக்காங்களான்னு பார்க்க வந்தீங்களா?"

"இல்லம்மா. வேற ஊருக்குப் போறேன்."

"போங்க, போங்க. உங்களுக்குப் போக ஊர் இருக்கு. நான் இந்த வீட்டுலதான் பொறந்தேன், என் புள்ளைங்களும் இங்கதான் பொறந்துச்சுங்க. நாளைக்கு நான் இந்தக் கூடையைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? அதையும் உங்க திட்டத்துலயே எழுதிருங்க."

பஸ் வந்தது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தார். ஏறினால், பக்கத்தில் அதே சீர்த்தட்டு.

கருவேலங்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தவமணியம்மா கோயில் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முன்னாடியே வந்துட்டீங்களா!"

"நீங்கதான் லேட்டு."

"போகட்டும். சொல்லுங்கம்மா. நான் கையெழுத்துப் போடுறதா, வேண்டாமா?"

"மோர் குடிங்க."

"மோர் இறங்காதும்மா. நாளைக்கு இந்நேரம் அந்தப் பொம்பள தெருவுல நிப்பா. போடலேன்னா பஸ் ஸ்டாண்டுல எவனாவது நசுங்கிச் சாவான். ரெண்டு பாவமும் எனக்குத்தான்."

"நத்தமேட்டுக்கு வாங்களேன். அங்க காத்து நல்லா வரும்."

திருமேனிக்குக் கோபம் தலைக்கேறியது. குருவாக இருந்தாலும் ஒரு அளவு வேண்டாமா? ஆனாலும் போனார். போகாமல் இருக்க மனசு விடவில்லை.

மறுபடியும் டவுன் பஸ். இந்தத் தடவை ஒருத்தர் கடலை விதை மூட்டையை அவர் காலின் மேலேயே வைத்தார்.

"எங்கய்யா இதைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு?"

"டவுன்ல யாரு சாமி கடலை போடுவா? நத்தமேட்டுல மச்சான் நிலத்துக்கு."

திருமேனி காலை மட்டும் உருவிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்ட். டிக்.

"மறுபடியும் ஐயாவா?" என்று ராயப்பன் சிரித்தான்.

நத்தமேட்டு பஸ்ஸும் அதே தெருமுனையில்தான் நிற்கும். செண்பகவல்லி அண்டாவையும் பாயையும் வாசலில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நத்தமேட்டில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஏரிக்கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

திருமேனி வெடித்தார்.

"என்னம்மா விளையாடுறீங்களா? ஒரு கேள்வி கேட்டதுக்கு இப்படியா அலைக்கழிப்பீங்க? பக்கத்துப் பக்கத்து ஊருதான். ஒவ்வொண்ணுக்கும் டவுனுக்குப் போய், நசுங்கி, இடிபட்டு, அந்தப் பொம்பள முகத்துல முழிச்சு... என் ஆளு என்னையே ரெண்டு தடவை எண்ணிட்டான்! ஒரே சிரிப்பு அவனுக்கு!"

"நான் நடந்துதான் வந்தேன்."

"நடந்தா?"

"இந்தக் கரை மேல. அதோ, மரத்துக்கு அந்தப் பக்கம் கோபுரம் தெரியுது பாருங்க. நீங்க மோர் குடிக்காம வந்த கோயில்தான்."

திருமேனி பார்த்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம் இல்லை. ஆனால் கோபுரத்துக் கலசம் தெரிந்தது.

"கரை மேல வண்டி போகாதும்மா. நாங்க போட்ட ரோடெல்லாம் டவுனுக்குத்தான்."

"சரி. உங்க ஆளு எண்ணினார்னு சொன்னீங்களே, என்னன்னு எண்ணினார்?"

"டவுனுக்கு வந்த ஆளுன்னு."

"வந்தீங்களா?"

"ஆமா, ரெண்டு தடவ..."

"பஸ் மாறத்தான் வந்தேன்" என்று தன்னையே திருத்திக்கொண்டார்.

கரைக்குக் கீழே, கடலை மூட்டைக்காரர் மச்சானோடு வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். திருமேனி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சீர்த்தட்டு நினைவுக்கு வந்தது. அந்த வாழைப்பழச் சீப்பு. இரண்டு பஸ்ஸிலும் நசுங்கிக் கறுத்துப்போன சீப்பு.

காலையிலிருந்து முதல் தடவையாக அவர் தரையில் உட்கார்ந்தார்.

பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, அந்தச் சிவப்புக் குறி மேல அடிக்க இந்த ஊர்ல சுண்ணாம்பு எங்க கிடைக்கும்?"

"கோபால்சாமி கடைல. சீக்கிரம் போங்க, சாத்திருவார்."

கடைசிக்கு முந்தின பஸ். கையில் ஒரு பை சுண்ணாம்பு, கக்கத்தில் வெள்ளையடிக்கிற மட்டை ஒன்று. வேட்டியெல்லாம் வெள்ளை.

கண்டக்டர் வந்தார். "எங்க சார்?"

"டவுன்."

"டவுன்ல இறங்கி எங்க?"

"எங்கயும் இல்ல. பூக்காரத் தெருதான்."