பாறையில் ஒரு மஞ்சள் கறை

தவசிமுத்து தன் மனைவி நேசபாயை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் டார்ச்சுமாகப் பாறைமேல் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

முட்டம் கடற்கரை. மார்கழி மாதம். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. தவசிமுத்து பாறை விளிம்பில் ஸ்டாண்டை ஊன்றி, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார். மேட்டுப் பாதையிலிருந்து இறங்கும் பாறைகளும், அவற்றுக்கு அப்பால் கடலும் அதில் தெரியும். இருட்டில் படம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவின் கண் நாலு நிமிடமாவது திறந்தே இருக்க வேண்டும். அதற்குள் அலைகளெல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைப் புகை போல ஆகிவிடும். பணி ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது.

“டார்ச்சை அணை” என்று அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “படம் கெட்டுப்போகும்.”

“அணைச்சிட்டு நான் விழுந்தா நீங்க வந்து தூக்குவியளா?”

“கேமரா கண்ணு திறந்து கெடக்கு, நேசம்.”

“அது திறந்து கெடந்தா எனக்கு என்ன? எனக்குக் காலு எங்க வைக்கணும்னு பாக்கண்டாமா?”

வெளிச்சத்தைக் காலடியில் போட்டபடியே வந்தாள். பிளாஸ்க்கை அவர் பக்கத்தில் வைத்தாள். “ஆறதுக்கு முந்தி குடியுங்க. எனக்குக் குளிருது, நான் கார்ல இருக்கேன்” என்றாள். வந்த வழியே திரும்பிப் போனாள்.

விடிந்து வெகுநேரம்வரை அவர் படம் எடுத்தார். பிறகு காலிப் பிளாஸ்க்கோடு மேடேறிப் போனார். நேசபாய் முன்சீட்டில் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கார் கதவை அவர் மெதுவாகத்தான் திறந்தார்.

அதன் பிறகு ஒரு வருஷம் அவர் கேமராவைத் தொடவில்லை. அடுத்த மார்கழி பிறந்தபோதுதான் அன்றைய படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அந்தப் படம் இருந்தது. கடல் இருந்தது, வானம் இருந்தது. நேசபாய் இல்லை.

படத்தைப் பெரிதாக்கி, நகத்தளவு நகத்தளவாக நகர்த்தித் தேடினார். கம்மல் திருகு தொலைந்த வீட்டில் தரையைத் தேடுவது போலத் தேடினார். முகம் இல்லை. சேலை முந்தானைகூட இல்லை.

மஸ்கட்டில் இருந்த மகனிடம் போனில் சொன்னார். “அதுக்கென்னப்பா, இப்ப கம்ப்யூட்டரே செஞ்சு தந்துரும்” என்றான் அவன். மறுநாள் படம் வந்தது. அதே பாறையில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கைகளைக் கோத்துக்கொண்டு சிரித்தாள். நேசபாயின் சித்தி மகள் யாரோ போல இருந்தாள்.

“நல்லாருக்கு மக்கா” என்று சொல்லிவிட்டுத் தவசிமுத்து போனை வைத்தார். பிறகு பழைய படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு லீமாவைப் பார்க்கப் போனார்.

நாகர்கோவிலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தாள் லீமா. தவசிமுத்துவைவிட இருபது வயது இளையவள். கடலையும் மலையையும் படமெடுக்கத் தெரியவேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுப்பாள். தவசிமுத்து உட்பட அவர்கள் எல்லோரும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். “நான் என்ன களரியா நடத்துறேன்?” என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் விடவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

“ஆசானே, இதுல அவ இருக்கா” என்று படத்தை மேசைமேல் வைத்தார் தவசிமுத்து.

லீமா குனிந்து பார்த்தாள். “எங்க?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன். கேமரா திறந்திருக்கும்போதுதான் நடந்து வந்தா. அப்பவே திரும்பியும் போனா. நான் என் கண்ணால பாத்தேன். ஒரு நிழலாவது விழுந்திருக்கணும்லா? நீங்க எப்படியாவது தோண்டி எடுத்துத் தரணும்.”

“வீட்ல அவங்க படம் வேற இல்லையா அண்ணாச்சி?”

“கல்யாணப் படம் இருக்கு. ஆதார் கார்டுல ஒண்ணு இருக்கு. அவங்க ரெண்டு பேரும் எனக்குக் காப்பி கொண்டு வரலியே.”

லீமா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அப்புறம், கீழ பாறையில ஒரு மஞ்சக் கறை விழுந்திருக்கு பாருங்க. பிரிண்ட் போட்ட கடையிலயும் சொன்னாவ. அதையும் அப்படியே துடைச்சிருங்க.”

அவள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“சனிக்கிழமை விடியுமுன்ன முட்டத்துக்கு வாங்க. கேமராவையும் இந்தப் படத்தையும் எடுத்துக்கிடுங்க.”

“அங்கயா?”

அந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பாறைக்குப் போனதில்லை. அது லீமாவுக்கும் தெரியும்.

“அங்கதான்” என்றாள்.

“டார்ச் கொண்டு வரட்டா?”

“வேண்டாம்.”

சனிக்கிழமை கரையோர வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. அவை முடிந்த இடத்தில் செம்மண் பாதை தொடங்கியது. மேட்டின் விளிம்போடு வளைந்து போகும் பாதை. ஒரு பக்கம் தாழம்புதர், மறுபக்கம் ஆளை விழுங்கும் பள்ளத்தில் கடல். கலங்கரை விளக்கத்தின் ஒளி தலைக்கு மேலே சுற்றித் தூரக்கடலுக்குப் போனது. காலடிக்கு அது வரவில்லை. லீமா முன்னால் நடந்தாள். அவள் தோள்பையைப் பிடித்துக்கொண்டு தவசிமுத்து பின்னால் போனார்.

“ஆசானே, இருட்டுல என்னைக் கடல்ல தள்ளப் போறீங்க.”

“தள்றதுன்னா இவ்வளவு தூரம் நடக்க வைப்பேனா? இடது காலை எடுத்து வைங்க.”

போன வருஷம் ஸ்டாண்டின் ஒரு கால் பதிந்த பாறைப் பிளவை அவர் தடவியே கண்டுபிடித்தார். அதே இடத்தில் கேமராவை வைத்தார்கள். அன்று போலவே நாலு நிமிடத்துக்குத் திருப்பி வைத்தார்கள்.

“நீங்க மேல பாதைக்குப் போங்க” என்றாள் லீமா. “நான் குரல் கொடுத்ததும் அங்கேருந்து நடந்து என்கிட்ட வாங்க.”

“டார்ச் இல்லாமயா?”

“தவழ்ந்தும் வரலாம். தப்பில்ல.”

அவர் மேலே போனார். குரல் கேட்டதும் இறங்கத் தொடங்கினார். சில இடங்களில் கையூன்றினார். ஓரிடத்தில் உட்கார்ந்து சறுக்கினார். பாறைக்குழி ஒன்றில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் முழங்கால்வரை போய்விட்டது. கையில் சூடான பிளாஸ்க்கோடு இந்த வழியில் அவள் எப்படி வந்தாள் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தார்.

அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் கேமரா மூடிக்கொண்டது. இருவரும் அதன் சின்னத் திரையைப் பார்த்தார்கள். கடல் வெள்ளைப் புகையாக இருந்தது. மேலே கொஞ்சம் வானம் இருந்தது. கீழே ஒரே கருப்பு.

“நான் எங்க?”

“நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்க. நடக்கிற ஆளை இது பிடிக்காது அண்ணாச்சி. ஒரு இடத்துல நின்னாத்தான் விழும்.”

“அப்ப அவளும்…”

“அவங்களும் நிக்கல.”

“தோண்டினாலும் கிடைக்காதா?”

“விழாதத எப்படித் தோண்ட?”

தவசிமுத்து ஈரக் காலோடு பாறையில் உட்கார்ந்தார். கீழே அலை வந்து மோதித் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது.

“கொஞ்சம் நின்னு பேசிட்டுப் போன்னு சொல்லியிருந்தா இதுல இருந்திருப்பா” என்றார்.

லீமா பிரிண்டை அவர் மடியில் விரித்தாள். கேமராவை அதன் பக்கத்தில் பிடித்தாள். போன் விளக்கைப் பிரிண்டின்மேல் காட்டினாள்.

“ரெண்டையும் பாருங்க.”

அவர் பார்த்தார். அதே இடம், அதே கடல், அதே நேரம்.

“இன்னைக்கு எடுத்ததுல பாறையைக் காணோம்” என்றார் கடைசியில்.

“ம்.”

“பாறை எப்படித் தெரியும்? இன்னும் விடியலியே. சூரியன் மேட்டுக்கு அந்தப் பக்கம்லா வரும். அந்த மேட்டைத் தாண்டி இங்க வெயில் விழ எட்டு மணி ஆகுமே.”

“ம்.”

“அப்ப அன்னைக்கு மட்டும்…”

அவர் நிறுத்திக்கொண்டார். பிரிண்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மேலே பாதையிலிருந்து கேமரா வரைக்கும் பாறை தெரிந்தது. ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. சற்றுமுன் அவர் கால் விட்ட தண்ணீர்க்குழிகூடத் தெரிந்தது. அதன் ஓரத்தைச் சுற்றிப் பாதம் வைக்கத் தோதான இடமும் தெரிந்தது.

“அவங்க கையில என்ன இருந்திச்சு?” என்று கேட்டாள் லீமா.

“பிளாஸ்க்.”

பிரிண்டில் அந்த மஞ்சள் கறைமேல் விரலை வைத்தார். “டார்ச்சும் இருந்திச்சு. பழைய மூணு பேட்டரிக் கட்டை டார்ச். மஞ்சளாத்தான் எரியும். அணைன்னு சொன்னேன்.”

“அணைச்சாங்களா?”

“அவளா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இத்தனை வருஷத்துல நான் சொன்ன எதைக் கேட்டிருக்கா?”

லீமா போன் விளக்கை அணைத்தாள்.

“நல்லவேளை” என்றாள்.



அந்தப் படம் இப்போது அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது.