மணி அடிக்காத குமுதவல்லி

முன்னொரு காலத்தில், கதவும் தூணும்கூட வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளில், வைரபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே தூமகேது என்ற மந்திரவாதி கிணற்றடி, கடை, கோயில் என்று வாசல்தோறும் ஒரு பேசும் திரையைத் தொங்கவிட்டான். யார் வந்தாலும் திரை குழையும்: "சம்மதமா, கண்ணே, சம்மதமா?" திரை முழுக்கப் பொடி எழுத்தில் ஆயிரம் வரி நிபந்தனை. நடுவில் பளபளவென்று ஒரு பொன்மணி. மணியை அடித்தால் திரை விலகும். அடித்தவரின் நினைவு ஒன்றும் விலகும். அது யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் அவசரம்.

எண்ணெய் வியாபாரி சேந்தன் நாளுக்கு நாற்பது முறை அடித்தான். ஒரு மதியம் சோறு போட்ட மனைவியைப் பார்த்து, "குழம்பு பிரமாதம். நீங்க யாரும்மா?" என்றான்.

குமுதவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். திரை வந்த பிறகு வந்த மறதி இது என்று புரிந்தது. நேரே மந்திரவாதியின் மாளிகைக்கு நடந்தாள். அவள் வீட்டிலிருந்தே ஓலைச்சுவடி படியெடுப்பவள். மூலத்தைக் கடைசி எழுத்துவரை படிக்காமல் எழுத்தாணியைத் தொடமாட்டாள்.

மாளிகையின் முதல் வாசலில் முதல் திரை. "சம்மதமா, கண்ணே?"

"பொறு, படிக்கிறேன்."

"படிக்கிறாயா? எதற்கு?"

தொள்ளாயிரமாவது வரியில் நினைவுத் திருட்டு அகப்பட்டது. ஓரத்தில் ஒரு கறுப்பு நூல்: 'மறுப்பவர் இழுக்கவும்'. இழுத்தாள். திரை விழுந்தது.

இரண்டாம் திரையில் நூல் பின்பக்கம், ஒட்டடைக்குள் இருந்தது. "எல்லாரும் மணிதானே அடிக்கிறார்கள்!" என்றது திரை. "அடிக்கட்டும்," என்று இழுத்தாள்.

மூன்றாம் திரையில் நூலே இல்லை. பொழுது சாய்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது. "கண் கெட்டுவிடும், அடித்துவிடு," என்றது திரை. கை மணிவரை போனது. அடித்தால் போகும் நினைவு சேந்தன் முகமாக இருந்துவிட்டால்? ஒரே வீட்டில் இரண்டு அந்நியர்! கையை இழுத்துக்கொண்டு படித்தாள். ஆயிரமாவது வரி எறும்புக்கால் அளவில் இருந்தது: 'இதை முழுதும் படிக்கும் ஒருவர் வரும்வரையே இம்மாயம் செல்லும்.'

உரக்கப் படித்தாள். திரை பொசுங்கியது. மாளிகைக்குள் திருட்டு நினைவுகளை அடைத்து வைத்திருந்த ஜாடிகள் வெடித்து, அவை குருவிக்கூட்டமாக வீடு திரும்பின.

தூமகேது ஓடிவந்து காலில் விழுந்தான். "தாயே! பன்னிரண்டு வருஷம் எழுதினேன். நாடே மணியடித்தது, ஒருவரும் படிக்கவில்லை. எப்படி இருந்தது?"

"நீளம்," என்றாள் குமுதவல்லி.

அதற்குள் சேந்தன் மூச்சிரைக்க வந்து நின்றான். "குமுதா, எனக்குப் போட்டுட்டு நீ சாப்பிடாமலே கிளம்பிட்டியே!"

அரசன் அவள் படித்து ஒப்பாத நிபந்தனை எதுவும் நாட்டில் செல்லாது என்று பறையறைவித்தான். யார் ஆயிரம் வரி எழுதி வந்தாலும் அவள் மூன்றை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு அவளும் சேந்தனும் ஒருவரையொருவர் மறக்காமல், நெடுங்காலம் சண்டைபோட்டுக்கொண்டு சுகமாக வாழ்ந்தார்கள்.