ஏழு மேசைச் சாப்பாடு

மேழியூர் வரி இலாகாவில் ஒரு மனு ஏழு மேசை தாண்டுவதற்குள் மனு போட்டவனுக்குத் தாடி முளைத்துவிடும். "நாளைக்குள் இலாகாவைச் சீர்திருத்து" என்று ராஜா இலாகா அதிகாரிக்கு ஆணையிட்டார்.

அதைக் கேட்டு இலாகா சமையற்காரி பூவாயி சிரித்துவிட்டாள். அதிகாரி தண்டபாணியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறாயா? நீயே திருத்து! முடியாவிட்டால் வேலை போச்சு!"

"சரிங்க எசமான்" என்றாள் பூவாயி.

மறுநாள் மதியம் அதிகாரியின் இலை காலியாகவே கிடந்தது.

"எங்கே சோறு?"

"மூணாவது மேசையில இருக்குதுங்க. சாம்பாருக்கு உத்தரவு ஆயிடுச்சு. ரசத்துக்கு ஒரு கையெழுத்து குறையுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

சாயங்காலம் அப்பளம் மட்டும் வந்தது, முத்திரை குத்தியதில் தூள்தூளாகி.

பசி தாங்காத தண்டபாணியார் ஆறு மேசைகளைத் தாமே வெளியே இழுத்துப் போட்டார். சோறு உடனே வந்தது.

அந்த நேரம் ராஜா நுழைந்தார். "அட, ஒரே மேசையா! யார் செய்த வேலை இது?"

தண்டபாணியாருக்கு வாய் நிறையச் சோறு. விரலை நீட்டிப் பூவாயியைக் காட்டத்தான் முடிந்தது.