குமுதியாற்றுக்கு நான்கு இலாகா

மருதங்கோட்டையில் குமுதியாறு என்று ஓர் ஆறு. அந்த ஒரே ஆற்றின் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வீரகேசவ மகாராஜா நான்கு இலாகா வைத்திருந்தார். நிறம் பார்க்க ஒன்று, வாசனை பார்க்க ஒன்று, ருசி பார்க்க ஒன்று. முதல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நான்காவது! ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனிப் பல்லக்கு. ஆற்றங்கரையில் மட்டும் ஒரு கட்டடமும் கிடையாது. அங்கே நாற்றம் தாங்க முடியாதாம்.

ஒரு திங்கட்கிழமை, கீரைக்காரி காத்தாயி இடுப்பில் குடத்தோடு நேரே சபைக்குள் வந்தாள். காவலர்கள் தடுப்பதற்குள் குடத்தை நடுச்சபையில் கவிழ்த்தாள். வெள்ளைத் தரையில் செக்கச்செவேலென்று தண்ணீர் ஓடியது.

"மகாராசா, மேலக்கரைச் சாயப்பட்டறைக் கழிவை ஆத்துல விடுறாங்க. இதைக் குடிச்சு எங்க தெருவுல பதினோரு பேரு படுத்த படுக்கையா கெடக்காங்க. எம் மகளும் கெடக்கா. ஒரு தடவை வந்து பாருங்க!"

மகாராஜாவின் பட்டுக்கே அந்தப் பட்டறையில்தான் சாயம் ஏற்றுகிறார்கள். யார் வாயைத் திறப்பது?

நான்காம் இலாகாவின் தலைவர் செங்கல்வராயர் நிதானமாக எழுந்து நான்கு ஓலைகளை நீட்டினார். "மகாராஜா, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று நான்கு இலாகாவும் முத்திரை வைத்திருக்கின்றன. இவளே சாயத்தைக் கலக்கி எடுத்து வந்திருக்கிறாள். அபாண்டம் பேசுகிறவளை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்."

ஒரு பக்கம் நான்கு முத்திரை. மறுபக்கம் ஒரு கீரைக்காரி. மகாராஜா யோசித்தது கொஞ்ச நேரம்தான். "வெள்ளிக்கிழமை தீர்ப்பு. அதற்குள் இவள் சொன்னது மெய் என்று நிரூபணமாகாவிட்டால், மகளோடு ஊரைவிட்டுப் போகட்டும்."

காத்தாயி காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். காய்ச்சலில் கிடக்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

சபையின் கடைசி ஆசனத்தில் பிச்சாண்டி இருந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்லும் உத்தியோகம். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். காத்தாயி பொய் சொல்லவில்லை என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் நேராக மோதினால் தன் பேச்சு எடுபடாது என்று அவருக்குத் தெரியும்.

"மகாராஜா, இந்த ஓலைகள் போன மாதத்து ஓலைகள்," என்றார் பணிவாக. "தீர்ப்புக்குப் புது ஓலை வேண்டாமா? வியாழக்கிழமை நான்கு இலாகாத் தலைவர்களும் ஆற்றைப் பார்த்து எழுதித் தரட்டுமே."

"அதற்கென்ன, தாராளமாக!" என்று செங்கல்வராயர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிச்சாண்டிக்குத் தெரியாதா? நிறக்காரர் போன மாத ஓலையைப் பார்த்து எழுதுவார். நிறம் நன்றாக இருந்தால் வாசனை எங்கே கெடப்போகிறது என்று வாசனைக்காரர் எழுதுவார். இரண்டும் சரியென்றால் ருசிக்கு என்ன கேடு என்பார் மூன்றாமவர். செங்கல்வராயர் மூன்றையும் சேர்த்து, அழகுக்காகத் தன் கைச்சரக்காக இரண்டு வரி போடுவார். ஆற்றுக்குப் போவது எப்போதும் அடுத்தவர் வேலை.

பிச்சாண்டி அன்றே பட்டறையையும் தாண்டி மேலே உள்ள அணைக்குப் போனார். அணைக்காரனின் தங்கையும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. இவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் மதகை இறக்கி, தண்ணீரை வாய்க்கால் வழியாக ஏரிக்குத் திருப்பிவிட்டான்.

புதன்கிழமைக்குள் ஆறு காய்ந்தது. நடு ஆற்றில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. சனங்கள் கீழக்கரையோரம் மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். அந்தத் தண்ணீர்தான் காத்தாயி மகளின் வயிற்றில் பல நாள் கழித்துத் தங்கிய தண்ணீர். ஆறு வற்றியது ஊருக்கெல்லாம் தெரியும். அரண்மனைக்குத் தனிக் கிணறு இருந்ததால் மகாராஜாவுக்குத் தெரியாது. நான்கு இலாகாவுக்குத் தெரிய வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை புது ஓலைகளைச் சபையில் படித்தார்கள். "நிறம், ஆகாய நீலம். வாசனை, தாழம்பூ. ருசி, இளநீர். விரால் மீன்கள் முழங்கால் உயரம் துள்ளி விளையாடுகின்றன." கடைசி வரி செங்கல்வராயருடையது.

"அப்படியானால் தீர்ப்பு..." என்று மகாராஜா தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் பிச்சாண்டி. "இவ்வளவு அருமையான தண்ணீரில் மகாராஜா ஒரு தடவை கால் நனைத்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னால் என்ன?"

யோசனை மகாராஜாவுக்குப் பிடித்துவிட்டது. நால்வரையும் காத்தாயியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். திரை போட்ட பல்லக்கு ஆற்றில் இறங்கியது. பாதரட்சையைக் கழற்றி, பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு மகாராஜா திரைக்கு வெளியே காலை வைத்தார்.

"ஐயோ, சுடுகிறதே!"

திரையை விலக்கினால் கண்ணுக்கு எட்டிய வரை மணல். ஓர் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது. மேலக்கரையோரம் மட்டும் விரல் கனத்துக்குச் செந்நீர் ஓடியது. மகாராஜாவின் கண் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய்ச் சாயப்பட்டறையில் நின்றது. குனிந்து தன் பட்டைப் பார்த்தார். அதே சிவப்பு.

"செங்கல்வராயரே, தண்ணீர் எங்கே?"

செங்கல்வராயர் கைகட்டி நின்றார். "மகாராஜா, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு இலாகா ஏற்படுத்தவில்லையே!"

மகாராஜா காத்தாயியைப் பார்த்தார். "காத்தாயி, தப்பு என்னுடையது. நீ எங்கும் போக வேண்டாம். பட்டறைக் கழிவை இன்றே அடைக்கச் சொல்கிறேன். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"மொதல்ல எங்க தெருவுக்கு வைத்தியரை அனுப்புங்க மகாராசா. மத்ததைப் பொறவு பேசிக்கலாம்."

வைத்தியரை அழைக்கக் குதிரை பறந்தது. மகாராஜா திரும்பினார். "பிச்சாண்டி, இந்த நால்வரை என்ன செய்யலாம்?"

"முழங்கால் உயரம் விரால் துள்ளுகிறது என்று எழுதியிருக்கிறார்களே! மதியக் குழம்புக்கு இங்கேயே நாலு விரால் பிடித்துத் தரட்டும். பிடிக்கும் வரை கரையேறக் கூடாது."

உச்சி வெயில். சுடுமணலில் நால்வரும் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு, அதை வீச வேண்டியது எந்த இலாகா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மத்தியானத்துக்குள் மீன் வந்துவிடுமா பிச்சாண்டி?"

"மீன் வராது மகாராஜா. மீன் பிடித்தாயிற்று, குழம்பும் பிரமாதம் என்று நாலு முத்திரையோடு ஓலை வரும். அதை நம்பி நீங்கள் இலை போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்!"