வளைவில் எடுத்த படங்கள்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சாலைகளின் பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் இருந்தது. ஜல்லி கொட்டுகிறவர்கள், தார் ஊற்றுகிறவர்கள், பாலத்துக்குத் தூண் நிறுத்துகிறவர்கள், விபத்து நடந்த இடங்கள் எல்லாம் அங்கே அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அதை நடத்தியவர் நசீமா. கெட்டுப்போன படங்களை மீட்கும் வேலையை அவரிடம் கற்றுக்கொள்ள வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் பூவராகன் ஒருவர்தான் நசீமாவைவிட வயதில் மூத்தவர். நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எதுக்கு சார் இந்த வேலை உங்களுக்கு?" என்று முதல் நாள் நசீமா கேட்டார்.

"காலம் முழுக்க ரோடு போட்டேன். பழைய ரோட்டையும் பார்க்கலாம்னு வந்தேன்."

அது முழுக் காரணம் அல்ல.

பூவராகன் பள்ளியில் படித்தபோது அவருடைய அண்ணன் கோதண்டத்துக்கு மலைமேல் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. வேலையில் சேரப் போன பேருந்து, தடுப்புச் சுவர் இல்லாத ஒரு வளைவில் பள்ளத்தில் விழுந்தது. கோதண்டம் திரும்பி வரவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

காப்பகத்தில் அந்த விபத்தின் படங்கள் இருந்தன. ஒரு படத்தில், கவிழ்ந்த பேருந்துக்குக் கீழே புல்சரிவில் ஒரு ட்ரங்குப் பெட்டி கிடந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் கோதண்டத்தின் பெயர். பூவராகன் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கூரை ஒழுகியது. காலையில் கதவைத் திறந்தபோது ஒரு அலமாரி முழுக்க நனைந்திருந்தது. மற்றவை தப்பித்தன. நனைந்த அலமாரியில் இரண்டு பெட்டிகள் ஊறிப்போயிருந்தன. ஒன்றில் அந்த விபத்தின் படங்கள். இன்னொன்றில் விபத்துக்குப் பிறகு அதே வளைவில் சுவர் கட்டிய படங்களும், அதைக் கட்டிய அந்தக் காலத்துப் பொறியாளர் அதன் பின் வருஷா வருஷம் அங்கே போய் எடுத்த படங்களும்.

நசீமா தட்டுகளில் சுத்தமான தண்ணீர் நிரப்பினார்.

"ஈரம் காய்ஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் சார். அப்புறம் பிரிக்க முடியாது. முதல்ல சுவர்ப் படங்களை எடுங்க."

பூவராகன் நகரவில்லை.

"விபத்துப் படங்களை எடுப்போம் மேடம்."

"அதுக்கு ஏதாவது பத்திரிகை ஆபீஸ்ல நகல் இருக்கலாம். இதுக்கு எங்கேயும் கிடையாது."

"இருக்கலாம்னுதானே சொல்றீங்க? இருக்குன்னு தெரியாதே."

"தெரியாது."

"எங்க அண்ணன் அந்த பஸ்லதான் போனான்."

நசீமா அவரைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அப்ப நீங்க அதைப் பாருங்க. ஓரத்தை மட்டும் பிடிங்க. படத்து மேல விரல் படக்கூடாது. இழுத்தீங்கன்னா உரிஞ்சிடும்."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பூவராகன் முதல் படத்தை அவசரமாகப் பிரித்தார். அடியில் இருந்த படத்தில் பேருந்தின் சக்கரம் உரிந்து, மேல் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணியே பிரிச்சுக் கொடுக்கும் சார். விடுங்க" என்றார் நசீமா, தலை நிமிராமல்.

விட்டார். ஒவ்வொரு படமாக மிதந்து வந்தது. புல்சரிவுப் படம் அடியில் இருந்தது. அது நகர நெடுநேரம் ஆயிற்று. வெளியே எடுத்தபோது ஒரு மூலை போயிருந்தது. பெயரின் கடைசி எழுத்து அந்த மூலையோடு போயிற்று. மற்ற எழுத்துகள் இருந்தன.

அதை மை உறிஞ்சும் தாளில் கிடத்தினார். கண் நிறைந்தது. இரண்டு கையும் ஈரமாக இருந்ததால் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் எதிரே பார்த்தார். நசீமாவின் பெட்டி பெரியது. தனி ஆளாகப் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்திருந்தது. மீதி ஒரே கட்டியாக இறுகிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் குனிந்து, பிரிகிறதைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பூவராகன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரிக்கக் கைகொடுத்தார்.

இடுப்புயரச் சுவர். அதன் அருகே தலையில் கல்லோடு பெண்கள். நூல் பிடிக்கும் கொத்தனார். அப்புறம் கட்டி முடித்த சுவர். அப்புறம் வெறும் சாலை, அதே சுவர். அப்புறமும் அதேதான்.

கடைசியாகப் பிரிந்து வந்த படத்தில் ஒரு பேருந்து அந்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கைக்குழந்தையோடு ஒரு பெண். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு கிழவர். முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, எதற்கோ சிரிக்கிற ஒரு வாலிபன்.

பூவராகன் அந்த வாலிபனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கள்லாம் யாரு மேடம்?"

"தெரியாது சார்."

"பின்னாடி பேர் எழுதியிருக்கா?"

"இல்ல."

"யாருன்னே தெரியல. இதைத்தான் முதல்ல எடுக்கணும்னு சொன்னீங்க. இவங்களுக்கு அப்படி என்ன ஆச்சு?"

நசீமா படத்தை ஓரம் பிடித்துத் தூக்கினார். நீர் வடியும்வரை பிடித்திருந்தார். பூவராகன் காய வைத்திருந்த படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கிடத்தினார்.

"ஒண்ணும் ஆகல சார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்க."