பின்னால் போன ஸ்டெப்னி

பிலோமினா டீச்சரின் சிஷ்யர்களில் அவரைவிட மூத்தவர் தங்கபாண்டியன் மட்டும்தான். ராணுவத்தில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர், ஐம்பதாவது வயதில் கபடிப் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டீச்சரிடம் போய் நின்றார். டீச்சருக்கு அப்போது முப்பத்தொன்பது. டீச்சர் இவரை அண்ணே என்று கூப்பிடுவார்.

இரண்டு வருடம் கழித்து, பெண்கள் கபடி இறுதிப் போட்டிக்கு அணி தேறியது. போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் சொன்னார்: "நாளைக்கு டீம் உங்க பொறுப்பு அண்ணே. நான் உட்கார்ந்து பார்க்கப் போறேன்."

அன்று சாயங்காலமே சுடலைவடிவுக்கு முழங்கால் திருகிக்கொண்டது. அணியின் இடது ஓரத்தில் நிற்பவள் அவள். எதிரணியிலிருந்து கபடி பாடி வருகிறவளின் கணுக்கால் அவள் கைக்குள் போய்விட்டால் திரும்பி வராது.

மறுநாள் மற்றவர்கள் வேனில் போட்டி நடக்கும் விருதுநகருக்குப் போய்விட்டார்கள். டீச்சரும் தங்கபாண்டியனும் வடிவை ஆஸ்பத்திரியில் காட்டி, கட்டுப் போட்டு, வீட்டில் விட்டுவிட்டு விளாத்திகுளத்திலிருந்து காரில் கிளம்பினார்கள். தங்கபாண்டியனின் கார். பார்வையாக இருக்கட்டும் என்று நாலு சக்கரத்தையும் பெரிதாக மாற்றி வைத்திருந்தார்.

"வடிவு இடத்துல யாரை நிறுத்த, டீச்சர்?"

"யாரு மிச்சம்?"

"ரோஸ்லின்தான். நாற்பத்திரண்டு கிலோ. ஓரத்துல நின்னா இவளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருவாங்க."

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

எட்டயபுரம் தாண்டியதும் முன் டயர் வெடித்தது. மணி இரண்டு. ஆட்டம் நாலு மணிக்கு.

தங்கபாண்டியன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். காரோடு வந்தது, ஒல்லியாக, மற்ற சக்கரங்களைவிட நாலு விரல் குட்டையாக இருந்தது. எண்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

"இதை வச்சுக்கிட்டு எப்படி டீச்சர் போய்ச் சேர?"

டீச்சர் ஜாக்கியை வாங்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போய்க் குந்தினார்.

"பஞ்சர் முன்னால, டீச்சர்."

"தெரியுது."

"நல்லா இருக்கிற சக்கரத்தை எதுக்குக் கழட்டணும்? நேரம் போகுது."

"வண்டியை இழுக்கிறது எந்தச் சக்கரம்?"

"முன் சக்கரம்."

"திருப்புறது?"

"அதுவும் முன்னாலதான்."

"பிரேக் அடிச்சா பாரம் எங்க போய் விழும்?"

தங்கபாண்டியன் ஸ்பானரை எடுத்தார். நல்ல பின் சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டினார்கள். கழற்றியதை முன்னால் கொண்டுபோய், வெடித்ததை எடுத்துவிட்டு மாட்டினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. சட்டை முழுக்கக் கரி.

"இனி விரட்டலாமா?"

"அறுபதுல போங்க."

லாரிகள் முந்திப் போயின. ஒரு டவுன் பஸ்கூட முந்தியது. கோவில்பட்டி வரைக்கும் தங்கபாண்டியன் ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எதையோ நினைத்தபடி ஓட்டினார். சாத்தூர் போனதே தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்கு மைதானத்தில் இறங்கியவர் நேராக மாரீஸ்வரியிடம் போனார். வடிவுக்குப் பக்கத்தில், உள்ளே நின்று ஆடுகிறவள்; திடமானவள்.

"மாரி, இன்னைக்கு ஓரம் உனக்கு."

"அப்ப என் இடம், சார்?"

"ரோஸ்லின் நிற்பா." ரோஸ்லினைத் தோளில் தொட்டார். "நீ முதல்ல பிடிக்கப் போகாத. மாரி காலைப் பிடிச்சதும் இடுப்புல பாய். அந்த ஒரு வேலை போதும்."

ரோஸ்லின் தலையாட்டினாள்.

டீச்சர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாதியில் ஏழு புள்ளி பின்தங்கினார்கள். ரோஸ்லின் பக்கம்தான் எதிரணி திரும்பத் திரும்பப் பாடி வந்தது. அவள் நழுவினாள், காத்திருந்தாள், மாரி பிடித்த பிறகே பாய்ந்தாள். இரண்டாம் பாதியில் அப்படி ஐந்து பேரை அமுக்கினார்கள். பாடிப் போன பெண்களும் புள்ளி கொண்டுவர, எதிரணியின் கடைசி ரெய்டின்போது ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். வந்தவள் அந்த அணியிலேயே பெரியவள். மாரி காலைப் பிடித்தாள். வந்தவள் அவளையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்குப் போனாள். ஒரு முழம் இருக்கையில் ரோஸ்லின் இடுப்பில் விழுந்தாள். மூன்று பேரும் மண்ணில் சரிந்தார்கள். கோடு எட்டவில்லை.

நடுவர் விசில் ஊதினார். பெண்கள் ரோஸ்லினைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். தங்கபாண்டியன் போனை எடுத்து, "வடிவு, ஜெயிச்சுட்டோம்மா," என்றார். அந்தப் பக்கம் அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கோப்பையை வாங்கப் பயிற்சியாளரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தங்கபாண்டியன் கடைசி வரிசைக்கு ஓடி வந்தார்.

"நீங்க வாங்க டீச்சர். நான் உங்ககிட்டக் கேட்டுக் கேட்டுச் செய்யிறவன்."

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"விருதுநகர்ல இறங்கினதுலேர்ந்து நீங்க என்னை ஒண்ணுமே கேட்கலையே அண்ணே."