தொட்டிலுக்கு அடங்காத பிள்ளை

ரொம்ப காலத்துக்கு முன்னால் தாழையூர் நாட்டைக் கொற்றநம்பி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான். ஆனால் அவருடைய உத்தரவைத் தப்பு என்று சபையில் யாராவது சொல்லிவிட்டால், சொன்னவரின் பாதித் தலையை மழித்து அனுப்பிவிடுவார். அந்த ஊர்க் கடைத்தெருவில் பாதி மொட்டையோடு ஏழெட்டுப் பேர் எப்போதும் நடமாடுவார்கள்.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற அழகப்பிரான், எட்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி செண்பகவடிவைப் பிரிந்தான். அப்போது மகள் குமுதி ஆறு மாதக் குழந்தை. 'தகப்பன் மாதாமாதம் ஒரு படி அரிசி, ஒரு தொட்டில் சீலை, ஒரு கிலுகிலுப்பை தரவேண்டும்' என்று ராஜா உத்தரவிட்டார். அழகப்பிரான் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இன்றைக்கும் அதே ஒரு படி, அதே கிலுகிலுப்பை.

அரிசி நாலாம் நாளே தீர்ந்துவிடும். பாய் முடைந்து கிடைப்பதில் மீதி நாட்களை ஓட்டுவாள் செண்பகவடிவு. "எனக்குப் பசிக்கலை, நீ சாப்பிடு" என்று மகளிடம் சொல்லுவாள். கொஞ்ச நாளாக மகளும் அதையே சொல்லப் பழகியிருந்தாள். அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை.

அரண்மனை வாசலில் அழகப்பிரானை நிறுத்தி, அரிசியைக் கூட்டித் தரும்படி கேட்டாள்.

"நானா மாட்டேன் என்கிறேன்? ராஜா சொன்னது ஒரு படி. தப்பென்றால் சபையில் வந்து சொல்லேன். உனக்குத்தான் இவ்வளவு கூந்தல் இருக்கிறதே, பாதி போனால் என்ன?" என்று சிரித்தான் அவன்.

மறுநாள் மகளையும் ஒரு மூட்டையையும் கொண்டு சபைக்கு வந்தாள். அழகப்பிரான் குனிந்து ராஜாவின் காதில் எதையோ ஓத, நாவிதன் கத்தியைத் தீட்டத் தொடங்கினான்.

"யார்மேல் பிராது?" என்றார் ராஜா.

"இதோ, என் மகள்மேல், மகாராஜா. உங்கள் உத்தரவில் குறையே இல்லை. இவள்தான் அதை மதிப்பதில்லை. ஒரு படியில் மாதத்தை ஓட்டு என்றால் கேட்பதில்லை. தொட்டிலில் படுத்தால் காலை வெளியே நீட்டுகிறாள். கிலுகிலுப்பை ஆட்டினால் சிரிப்பதும் இல்லை."

ராஜா மூட்டையிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்துத் தானே ஆட்டிப் பார்த்தார். குமுதி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மகாராஜா. வீட்டில் நிறைய இருக்கிறது."

இரண்டு தூண்களுக்கு நடுவே தொட்டில் கட்டச் சொன்னார் ராஜா. குமுதி ஏறிப் படுத்தாள். சீலை டர்ரென்று கிழிய, பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். சபையே சிரித்தது.

"இவளை வளரச் சொன்னது யார்?" என்றார் ராஜா.

"யாரும் சொல்லவில்லை. அதுதான் என் பிராதே. இனி வளராதே என்று இவளுக்கு ஆணையிடுங்கள். முடியாதென்றால், எட்டரை வயதுப் பிள்ளைக்குப் புதிதாக ஓர் உத்தரவு கொடுங்கள். நீங்கள் முன்பு கொடுத்தது ஆறு மாதக் குழந்தைக்கு. அந்தக் குழந்தை இப்போது என்னிடம் இல்லை."

ராஜா மீசையைத் தடவினார். அது அழகப்பிரானுக்குப் பொறுக்கவில்லை. "மாற்றாதீர்கள், மகாராஜா. மாற்றினால் உங்கள் பழைய உத்தரவு தப்பு என்றுதானே அர்த்தம்?"

சபையில் எல்லோரும் நாவிதனைத் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டில் வந்த சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

"காலையிலிருந்து அந்த வார்த்தையை இங்கே யாரும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்" என்றார் ராஜா. நாவிதன் தீட்டிய கத்தி வீண்போகவில்லை.

பிறகு புது உத்தரவு பிறந்தது. மாதம் பன்னிரண்டு படி அரிசி, உடுத்திக்கொள்ளப் பாவாடை சட்டை. வருஷா வருஷம் தை மாதத்தில் பிள்ளையைச் சபைத் தூணோடு நிறுத்திக் கோடு போட வேண்டும். கோடு ஏற ஏற அரிசியும் ஏறும்.

முதல் கோட்டை அன்றைக்கே போடச் சொன்னார். குமுதி தூணில் முதுகை ஒட்டி நின்றாள். கணக்கன் கரித்துண்டோடு வந்ததும் மெல்லக் குதிகாலை உயர்த்தினாள். பார்த்துவிட்ட செண்பகவடிவு சட்டென்று மேல் விதானத்தை ரசிக்கத் தொடங்கினாள்.

"மகாராஜா, குதிகாலைப் பாருங்கள்" என்றான் பாதி மொட்டை அழகப்பிரான்.

"எனக்கும் கண் இருக்கிறது" என்றார் ராஜா. "கணக்கரே, கோட்டைப் போடும்."